ஹபீப் முகம்மதுவின் கீழ்வரிசை முன்பல்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு பல் மருத்துவரின் நாற்காலியில். "நீங்கள் கதை எழுதுற ஆள்தானே. பல்லு ஒழுங்காத் தீட்டுறதைப் பற்றி ஒண்டு எழுதித் தாங்கோவன்" என்றார் டாக்டர் தாட்சாயினி. அப்போது என் வாய்க்குள் அவருடைய இரண்டு விரல்களும் ஒரு கண்ணாடியும் இருந்தன. நான் மறுக்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

2

'முத்துப் போன்ற பற்கள்...' (முதல் வரியே பற்பசை விளம்பரம். அடித்தாயிற்று.)

'ஜார்ஜ் டவுனில் அன்று காலை மழை...' (மழைக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?)

ஹபீப் முகம்மது சட்டி தேய்ப்பதும் பல் தேய்ப்பதும் ஒரே கையால்தான், ஒரே வேகத்தில்தான்.

இது நிற்கும். ஹபீப் குவீன் ஸ்திரீட் பக்கம் 'நாசி கண்டார்' என்கிற கறிச்சோற்றுக் கடை வைத்திருப்பவர். முப்பது வருடமாகக் காலை பத்து மணிக்கு ஆட்டுக்கறிச் சட்டியைத் திறந்து, ஒரு துண்டை எடுத்து முன்பல்லால் கடித்துப் பதம் பார்ப்பார். அவர் தலையாட்டினால்தான் சட்டி முன்னால் போகும். வேறு யாருக்கும், மனைவி சலேஹாவுக்குக்கூட, அந்த உரிமை கிடையாது.

இப்போது அந்தப் பல் ஆடுகிறது. வெளிப்பக்கத்தை அழுத்தித் தேய்த்தே ஈறு இறங்கிவிட்டது. உள்பக்கம் பிரஷ் போனதே இல்லை. மூன்று மாதம் மென்மையாகத் தேய்த்தால் பல் நிற்கலாம், இல்லாவிட்டால் பிடுங்க வேண்டும் என்று கதைக்குள்ளும் டாக்டர் தாட்சாயினியே சொல்கிறார். (இன்னொரு டாக்டரை உருவாக்கச் சோம்பல்.) ஹபீப் பயந்துபோனார். பல்லுக்காக அல்ல, அந்தப் பத்து மணிக்காக.

3

மருந்துக்கடையில் பற்பசை எடுக்க அரை நிமிடம்; ஹலால் முத்திரை இருந்தது, போதும். பிரஷ்ஷுக்கு முக்கால் மணி நேரம். மென்மையானதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இது என்னா, பூனைக்குத் தடவுறதா?"

"டாக்டர் சாஃப்ட்டுதான் சொன்னாங்க. எடுங்க லா" என்றாள் சலேஹா.

எடுத்தார். மறுநாள் அதையும் சட்டி தேய்க்கும் கம்பியைப் போலவே போட்டுத் தேய்த்தார். நான்கே நாளில் அதன் நார்கள் இரண்டு பக்கமும் சாய்ந்து படுத்துவிட்டன.

4

எனக்கு ஒரு யோசனை வந்தது. சட்டி தேய்க்கத் தெரியாத கையிடம் கொடுத்தால் என்ன?

'ஹபீப் பிரஷ்ஷை இடது கைக்கு* மாற்றி...'

"இடது கையை வாயில வைக்கிறதா?" என்றார் ஹபீப். "யாரு எழுதுறது இதை?"

(*அந்தக் கைக்கு என்ன வேலை என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வெட்கமாக இருக்கிறது. என் புத்திக்குச் சாட்சியாக அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவைக்கிறேன்.)

காப்பாற்றியது சலேஹா.

"முஷ்டி சட்டிக்கு. சோறு விரல் நுனியாலதானே எடுக்குறீங்க? பிரஷ்ஷையும் அப்படிப் பிடிங்க."

பிடித்தார். ஈறோரம் சாய்த்து, சின்னச் சின்ன வட்டமாக, உள்ளும் புறமும், இரண்டு நிமிடம். சோற்றில் யாரும் பலத்தைக் காட்டுவதில்லை. இந்த இடம் எனக்கே பிடித்துப்போயிற்று, அதனாலேயே கொஞ்சம் சந்தேகமாகவும் இருக்கிறது.

5

மூன்று மாதம் முடிந்தது. நான் எழுதக்கூடிய முடிவுகள்:

அ) பல் கல்லாக நின்றது. (டாக்டர் மகிழ்வார்.)

ஆ) பல் கறியோடு வந்துவிட்டது. (எனக்கு அடுத்த வாரம் அவரிடம் வேர் சிகிச்சை இருக்கிறது. துணிவில்லை.)

நான் இரண்டுக்கும் நடுவில் தயங்கிக்கொண்டிருந்தபோது பத்து மணி ஆகிவிட்டது. பல்லின் ஆட்டம் நன்றாகக் குறைந்திருந்தது, முழுக்க நிற்கவில்லை. ஹபீப் துண்டை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனார். பிறகு நான் எழுதாத ஒன்றைச் செய்தார். அதைச் சலேஹாவிடம் நீட்டினார்.

"நீ கடிச்சிப் பாரு."

முப்பது வருடத்தில் முதல் தடவை.

சலேஹா மெல்கிறாள். ஹபீப் சட்டியைப் பார்க்கவில்லை, அவள் வாயையே பார்க்கிறார். அவள் பதத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால், இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய பல்லுக்கு இனி வேலை இல்லை. தப்பாகச் சொன்னால் அவர் கடித்தாக வேண்டும். கடை வாசலில் வரிசை நீண்டுவிட்டது.

அவள் என்ன சொன்னாள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த அடுத்த வாரம் வந்து, வேர் சிகிச்சைக்கு என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். என் வாயில் மறுபடியும் இரண்டு விரல்கள்.