கை சுடாத இஞ்சின்

“குடிச்சிருக்குமாம். இஞ்சின் குடிச்சிருக்குமாம். ஏம்பா கங்கப்பா, அது என்ன கல்யாண வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைத் தோழனா, ஊத்த ஊத்தக் குடிக்கிறதுக்கு?”

“குடிக்குதுண்ணா. நான் யாருக்குப் போயி வித்தேன்? அக்கரையில எவன்கிட்ட மோட்டார் இருக்குது?”

“இக்கரையில ரோடு இருக்குதே. ரோட்டுல லாரி போவுதே. லாரிக்காரனெல்லாம் உனக்குப் பழைய கூட்டாளிங்கதானே.”

கோவிந்தப்பன் அதைச் சொல்லிவிட்டு, பெட்ரோல் பீப்பாயை விரலால் தட்டிப் பார்த்தார். அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஒரு வெற்றுச் சத்தம் வந்தது. ராயக்கோட்டை தக்காளி மண்டி முதலாளியின் மேனேஜர் அவர். கங்கப்பன் ஓட்டுகிற படகு முதலாளியுடையது, பெட்ரோலும் முதலாளியுடையது, சந்தேகம் மட்டும் அவருடைய சொந்தச் சொத்து.

“இன்னிக்குப் பீப்பாயை ரொப்பிட்டுப் போறேன். அடுத்த சந்தைக்கு லாரியோட வருவேன். பீப்பாயில பெட்ரோல் மிச்சம் இருந்தா இந்த மோட்டார் போட்டு இங்க ஓடும். இல்லைன்னா லாரியில ஏத்தி வந்த எடத்துக்கே அனுப்பிடுவோம். உன்னைப் பத்தி நாலு பேர் கேட்டா நான் பொய் சொல்ல முடியாது, பாத்துக்க.”

கங்கப்பனுக்குப் புரிந்தது. பெட்ரோல் திருடியவன் என்று ஒரு வார்த்தை ராயக்கோட்டையில் புறப்பட்டால், அது பஸ் பிடித்து ஓசூர் வரைக்கும் போய்விடும். அதன் பிறகு எந்த வண்டியின் சாவியையும் யாரும் அவன் கையில் கொடுக்கமாட்டார்கள்.

கிருஷ்ணகிரியில் அணை கட்டி முடித்துத் தண்ணீர் தேங்கியபோது, பழைய வண்டிப்பாதை அடியில் போய்விட்டது. அக்கரைத் தோட்டத்துத் தக்காளி சுற்று வழியில் வந்து சேர்வதற்குள் பாதி நசுங்கிப் போனது. அதனால்தான் முதலாளி எங்கோ கடற்கரையிலிருந்து இந்தப் பழைய மோட்டார் படகை வாங்கி, லாரியில் ஏற்றி, மலைநாட்டுக்குக் கொண்டுவந்தார். நடுவில் மரப்பெட்டிக்குள் ஒரு பெட்ரோல் இஞ்சின். பக்கவாட்டில் பாதி சுரண்டப்பட்ட ஏதோ ஒரு பெயர். அந்த மிச்ச எழுத்துகளைப் பார்க்கும்போதெல்லாம் கங்கப்பனுக்கு நெஞ்சுக்குள் ஒரு கடல் அசையும். அவன் கடலைக் கண்டதில்லை. இந்தப் படகு கண்டிருக்கிறது. கடலைக் கண்டுவிட்டு இங்கே வந்து தக்காளிக் கூடை சுமக்கிற அந்த ஜீவன்மேல் அவனுக்கு ஒரு மரியாதை உண்டு.

அவன் முன்பு லாரி டிரைவர். சூளகிரி ஏற்றத்தில் வருஷக்கணக்காகச் சரக்கு ஏற்றிப் போனவன். ஒரு கோடையில் பாதி ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து, அவசரப்பட்டு மூடியைத் திறந்தவனின் வலது முன்கையை வெந்நீர் உரித்துவிட்டது. தழும்பு இன்னும் பளபளவென்று கிடந்தது. அன்றிலிருந்து அவனுக்கு ஒரே ஒரு பயம்தான். இஞ்சின் சூடாகிவிடக் கூடாது.

அந்த விஷயத்தில் படகு அவனுக்குச் சொர்க்கமாக இருந்தது. ஏரித் தண்ணீரே படகின் அடியிலிருக்கிற குழாய் வழியாக ஏறி, இஞ்சினைச் சுற்றிவந்து, பக்கத்து ஓட்டை வழியாக மறுபடி ஏரியில் கொட்டும். எவ்வளவு தண்ணீர் ஏறவேண்டும் என்பதற்கு ஒரு வால்வு. முதல் நாளே கங்கப்பன் அதை முழுசாகத் திறந்து வைத்தான். அப்புறம் அதைத் தொடவே இல்லை. பெட்டியைத் திறந்து இஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்து, “பாருங்க, மோர்ப்பானை மாதிரி இருக்குது” என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவான்.

மேனேஜர் போனதும் அவன் ஆள் சேர்த்துப் படகைக் கரைக்கு இழுத்து ஒரு பக்கமாகச் சாய்த்தான். அடிப்பலகையில் பாசி ஆட்டுத்தோல்போல ஒட்டியிருந்தது. தேங்காய்த் தொட்டியாலும் மண்ணாலும் தேய்த்துத் தேய்த்து மரம் தெரியும்வரை விடவில்லை. பின்பக்கம் குவிந்திருந்த கூடைகளை நடுவுக்கு மாற்றினான். மூக்கைத் தூக்கிக்கொண்டு போன படகு இப்போது மட்டமாகப் போனது. முழு வேகத்தில் விரட்டினால் பின்னால் ஒரு பெரிய அலையை இழுத்துக்கொண்டு போவதைக் கவனித்தான். வேகத்தைக் கொஞ்சம் குறைத்ததும் அலை சிறுத்தது. அந்த அலையைத் தூக்கவும் பெட்ரோல்தானே செலவாகியிருக்கும் என்று நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டான்.

எல்லாம் செய்தும், டாங்க்கில் மூங்கில் குச்சியை விட்டுப் பார்த்தால் மனசு நிறையவில்லை. குறைந்திருந்தது, ஆனால் சந்தைவரை தாங்காது. கார்புரேட்டரைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்தான். பெட்ரோலைக் குறைக்கிற திருகைக் கொஞ்சம் உள்ளே முடுக்கினால் இஞ்சின் இருமியது. இருமலை அடக்க, காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுகிற சோக்கைப் பாதி இழுத்தே ஓட்டவேண்டியிருந்தது. சோக்கை இழுத்தால் கரும்புகை. இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் பிய்கிற பழைய வேட்டியாக இருந்தது அந்த இஞ்சின்.

மார்கழிக் காலை. ஏரிமேல் பனி எழுந்து நின்றது. அக்கரையிலிருந்து கெம்பம்மா தன் அவரைக்காய்க் கூடையோடு ஏறினாள். கெலமங்கலத்தில் பிறந்தவள். கோபம் வந்தாலும் குளிர் வந்தாலும் முதலில் கன்னடம்தான் வரும். படகில் ஏறும்போது தண்ணீரில் கால் வைத்துவிட்டாள். சேலை முழங்கால்வரை நனைந்து, பற்கள் தந்தியடித்தன.

“தம்பி, அந்தப் பொட்டியைத் தொற. கையைக் காச்சிக்கறேன்.”

“காச்சிக்க முடியாதுக்கா. நம்ம இஞ்சின் அந்த மாதிரி எரியற இஞ்சின் இல்ல.”

அவள் நம்பவில்லை. தானே பெட்டியைத் திறந்து இஞ்சின்மேல் இரண்டு கையையும் வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள்.

“தண்ணகிதே” என்றாள். பிறகு தமிழுக்கு வந்தாள். “சில்லுனு பொணமாட்டம் கெடக்குது. இன்னாப்பா இது? இத்தனை நேரம் எரியுது, இவ்ளோ பொகை வருது, கை காயமாட்டேங்குது. எம் மருமக அடுப்பு மாதிரியே இருக்குது. கட்டு கட்டா வெறகு போவும், ஒல மட்டும் கொதிக்காது. கேட்டா ஈர வெறகும்பா.”

“மோர்ப்பானை” என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான்.

லாரியில் குளிர்காலக் காலைகள் அவனுக்கு நினைவு வந்தன. சோக்கை இழுத்துத்தான் கிளப்புவான். கரும்புகை வரும், இருமும். சூடு பிடித்ததும் சோக்கைத் தள்ளிவிடுவான். அதற்குப் பிறகு வண்டி அமைதியாகிவிடும். இந்த இஞ்சின் காலையில் கிளம்புகிறது, சாயங்காலம் நிற்கிறது, நாள் முழுவதும் அதற்குக் காலையாகவே இருக்கிறது. சூடு பிடிக்க அவன்தான் விடவில்லை. உள்ளே போகிற பெட்ரோல் ஆவியாகாமல், ஈர விறகாகவே போய்க்கொண்டிருந்தது.

அளவுக்கம்பியை உருவி மோந்தான். இஞ்சின் எண்ணெயில் பெட்ரோல் வாசனை அடித்தது. அளவும் ஏறியிருந்தது. எரியாத பெட்ரோல் கீழே எண்ணெயோடு கலந்திருந்தது.

கெம்பம்மாவை இக்கரையில் இறக்கிவிட்டு, காலிப் படகோடு ஏரி நடுவுக்குப் போனான். வால்வின்மேல் கை வைத்தான். வலது முன்கையின் தோல் தானாகச் சுருங்கியது. கொதிக்கிற ரேடியேட்டரின் சீறல் காதுக்குள் கேட்டது. கையை எடுத்தான். கரையைப் பார்த்தான். அணையின் மதகுகள் பனிக்குள் யாரோ ஒரு ராட்சதனின் பல்வரிசைபோலத் தெரிந்தன. பயந்து திரும்பிப் போனால் அடுத்த சந்தைக்கு வரும் லாரி படகை ஏற்றிப் போய்விடும். அவ்வளவுதான். மறுபடியும் கையை வைத்து, வால்வை ஒரு நெல்லளவு மூடினான்.

பக்கத்து ஓட்டையில் கொட்டிய தண்ணீரில் விரல் நனைத்துப் பார்த்தான். சில்லென்றுதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் மூடினான். காத்திருந்தான். ஒரு கை தண்ணீரிலும் ஒரு கை வால்விலுமாக, பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவள் தண்ணீர் பதம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தான். தண்ணீர் வெதுவெதுப்பானது. பிறகு நன்றாகவே சூடானது, ஆனால் கை பொறுத்தது. அங்கேயே நிறுத்தினான்.

சோக்கை மெல்லத் தள்ளினான். இருமும் என்று தோளை இறுக்கிக்கொண்டான். இருமவில்லை. முழுசாகத் தள்ளிவிட்டான். இஞ்சினின் சத்தம் மாறியது. இத்தனை நாளும் சண்டை போட்டுக்கொண்டிருந்தது, இப்போது பேச ஆரம்பித்தது. கரும்புகை சாம்பலாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போனது. கார்புரேட்டரின் திருகை இன்னும் முடுக்கிப் பார்த்தான். அதையும் ஏற்றுக்கொண்டது. கங்கப்பன் அந்தக் காலி ஏரியின் நடுவில், யாரும் பார்க்காத இடத்தில், இஞ்சின்மேல் கையை வைத்தான். சுட்டது. சிரித்துக்கொண்டே கையை உதறினான்.

அன்று எண்ணெயையும் மாற்றினான். மறுநாள் முதல் குச்சி வேறு கதை சொன்னது. அக்கரையில் பட்டாணிக் கூடைகளும் சேர்ந்துகொண்டன. நடை கூடியது, ஆனால் பீப்பாய் முன்னைப்போல் இறங்கவில்லை. கெம்பம்மா தினமும் பெட்டிக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துக் குளிர் காய்ந்தாள். “இப்பத்தான் இது அடுப்பு” என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

சந்தை நாளன்று கோவிந்தப்பன் லாரியோடு வந்தார். கயிறும் பலகையும் ஏற்றித்தான் வந்திருந்தார். பீப்பாயைத் தட்டினார். கனத்த சத்தம். மூடியைத் திறந்து குச்சியை விட்டார். எடுத்துப் பார்த்தார். மறுபடி விட்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் பீப்பாய் சொல்லிவிடும் என்று கங்கப்பன் நம்பினான்.

கோவிந்தப்பன் குச்சியைத் துண்டில் துடைத்தார்.

“நல்லா மிச்சம் பண்ணியிருக்கே.”

“ஆமாண்ணா.”

“அதே போட்டு. அதே ஏரி. நடைகூட ஜாஸ்தின்னு சொல்றாங்க.”

“ஆமாண்ணா.”

“அப்போ இத்தனை நாளா போன பெட்ரோல் எங்கப்பா போச்சு?”

கேள்வி கங்கப்பனுக்கு மெதுவாகத்தான் விளங்கியது. மிச்சமான பெட்ரோலே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

“இஞ்சின் சூடாவாம இருந்துச்சுண்ணா. என் தப்புதான். வால்வை முழுசாத் தொறந்து வெச்சிருந்தேன். பெட்ரோல் எரியாமயே போயிருக்குது.”

“சூடானா கெட்டுப் போவும்பாங்க. நீ சூடானாத்தான் நல்லதுங்கற. நான் மண்டிக்காரன், மெக்கானிக் இல்ல. எதைச் சொன்னாலும் நம்பிடுவேன்னு நெனைச்சியா?”

கங்கப்பன் ஓடிப்போய், மாற்றி வைத்திருந்த பழைய எண்ணெய் டப்பாவைக் கொண்டுவந்தான். “மோந்து பாருங்க. பெட்ரோல் வாசனை.”

“நீயே ஒரு சொட்டு ஊத்தியிருப்பே” என்றார் கோவிந்தப்பன், மூக்கைச் சுளித்தபடி. “போட்டை இங்கயே விட்டுடறேன். முதலாளிக்குப் போட்டு வேணும், அது ஓடுது. ஓட்ட வேற ஆள் பார்ப்போம்.”

லாரிக்காரன் பலகையை இறக்குவதா வேண்டாமா என்று பீடியோடு நின்றான். கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கெம்பம்மா ஏதோ சொல்ல எழுந்தாள். கங்கப்பன் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான். இதை அவனே பேசியாகவேண்டும்.

படகில் ஏறினான். பெட்டியைத் திறந்து வைத்தான். வால்வை, முன்பு வைத்திருந்த மாதிரி, முழுசாகத் திறந்தான். சோக்கைப் பாதி இழுத்தான். டாங்க்கில் குச்சியை விட்டு எடுத்து, ஈரம் நின்ற இடத்தில் நகத்தால் கீறி, அந்தக் குச்சியைத் தழும்பு விழுந்த கையாலேயே கரையில் நின்ற கோவிந்தப்பனிடம் நீட்டினான்.

“போறப்ப பழையபடி ஓட்டறேன், வர்றப்ப இப்ப ஓட்டற மாதிரி ஓட்டறேன். குச்சி உங்ககிட்டயே இருக்கட்டும், அக்கரையில ஒருக்கா, திரும்பி வந்து ஒருக்கா நீங்களே அளந்து பாருங்க. ஒரு கையை இஞ்சின்மேல வெச்சுக்கிட்டு, அக்கரை வரைக்கும் என்கூட வாங்கண்ணா.”