கிளாரன்ஸ் பாஸ் செய்த பிரேக்

கிளாரன்ஸ் முப்பத்தோரு வருஷம் ஒரு தொழிற்சாலையின் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு பொருளை முதல் பார்வையிலேயே சரி என்று சொன்னதாக யாரும் அவர்மேல் பழி போட முடியாது. மகள் ஆஞ்சலாவுக்கு வந்த வரன்களிலும் மூன்றைத் திருப்பி அனுப்பினார். நான்காவதான தருணை அவளே பாஸ் செய்துவிட்டதால் இவருக்கு வேலையில்லாமல் போயிற்று.

திங்கட்கிழமை கல்யாணம். ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டிலிருந்து மகளைத் தன் காரில், தானே ஓட்டிப்போய் சர்ச் வாசலில் இறக்க வேண்டும் என்பது கிளாரன்ஸின் ஒரே ஆசை. காருக்கோ வயது பதினான்கு. பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் நடுங்கும். சக்கரம் போடும் கூச்சலில் சிக்னலில் நிற்கும் ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பெங்களூர் ஆட்டோக்காரர் ஒரு சத்தத்துக்குத் திரும்புகிறார் என்றால் அது லேசுப்பட்ட சத்தமில்லை.

"டாடி, சனிக்கிழமைக்குள்ள பிரேக்க மாத்துங்க. இல்லன்னா நான் தருண் ஃப்ரெண்டோட வண்டியில போயிடுவேன்" என்று ஆஞ்சலா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு சிவாஜிநகரில் நாகேஷின் உதிரிபாகக் கடைக்குப் போனார். நாகேஷ் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க் புதிதாக இரண்டை எடுத்து வைத்தார். கிளாரன்ஸ் ஒவ்வொன்றையும் சுற்றி எட்டு இடத்தில் கனம் அளந்தார்.

"ஒரு பக்கம் கொஞ்சம் கூட இருக்கு."

"சார், அது ஒரு முடி கனம்கூட இல்ல சார்."

"பாதி முடிகூட இல்ல. அதுக்குத்தான் அளக்குறது."

வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து ஜோடி ஃபெயில். ஆறாவது ஜோடி தேறியது. அடுத்து, அந்த டிஸ்கை இறுக்கிப் பிடித்து வண்டியை நிறுத்தும் பேட். நாகேஷ் இரண்டு டப்பாக்களைக் காட்டினார்.

"நல்லா புடிக்கிறது வேணுமா, சத்தம் போடாதது வேணுமா சார்?"

"நல்லா புடிக்கணும். ஆனா யாருக்கும் கேக்கக் கூடாது" என்றார் கிளாரன்ஸ். நாகேஷ் விலை கூடின டப்பாவைக் கட்டிக் கொடுத்தார்.

தொழிற்சாலையில் பாஸான பொருளுக்கு எண்ணெய் பூசிப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி வைப்பது வழக்கம். வீட்டுக்கு வந்ததும் கிளாரன்ஸின் கை தானாக அந்த வேலையில் இறங்கியது. டிஸ்குக்குப் பூசினார். பேடுக்கும் தாராளமாகப் பூசினார். காகிதத்தில் சுற்றி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார்.

சனிக்கிழமை ஆஸ்டின் டவுனில் மெக்கானிக் முனிராஜ் பொட்டலத்தைப் பிரித்து, பேடை மோந்து பார்த்தார்.

"சார், என்னது இது?"

"எண்ணெய். துரு புடிக்காம இருக்க."

முனிராஜ் பேடைத் திரும்பக் காகிதத்திலேயே வைத்தார். "டிஸ்க துடைச்சிடலாம் சார். பேடு எண்ணெயக் குடிச்சிடுச்சு. இத மாட்டினா உங்க வண்டி சர்ச்சுல நிக்காது. நேரா மாப்பிள்ள வீட்டுக்கே போயிடும்."

முப்பத்தோரு வருஷத்தில் அவர் கையெழுத்துப் போட்ட பொருள் திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இதே வண்டிக்கு எங்கிட்ட ஒரு செட்டு கெடக்குது சார். சாதா பேடுதான்" என்று முனிராஜ் அலமாரியிலிருந்து தூசி படிந்த டப்பா ஒன்றை எடுத்தார். கிளாரன்ஸின் கை மைக்ரோமீட்டரைத் தேடிப் பைக்குள் போயிற்று. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"டாடி, ஆச்சா? இல்ல, தருண்கிட்ட சொல்லிடட்டுமா?"

"ஆயிடுச்சும்மா" என்று போனை வைத்தவர், பையிலிருந்து வெறுங்கையை எடுத்தார். "மாட்டுங்க முனிராஜ்."

புது பேட் டிஸ்கோடு படிய வேண்டும், கொஞ்சம் ஓட்டி ஓட்டிப் பிரேக் போடுங்கள் என்று முனிராஜ் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆஞ்சலாவும் உடன் ஏறிக்கொண்டாள். கிளாரன்ஸ் ஒவ்வொரு முறை மிதித்தபோதும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஸ்டியரிங் நடுங்கவில்லை. சத்தமும் இல்லை.

"பாஸ்" என்றாள்.

திங்கட்கிழமை காலை வெள்ளைப் பட்டுப்புடவையில் பின் சீட்டில் அவள் உட்கார்ந்திருக்க, சர்ச் வாசலில் கார் சத்தமே இல்லாமல் நின்றது. உள்ளே கொயர் பாடுவது தெளிவாகக் கேட்டது. கிளாரன்ஸ் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், என்ஜினை அணைத்தார். கால் மட்டும் பிரேக்கிலேயே இருந்தது. அவளை இறக்கிவிட அவருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆஞ்சலா கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். அவர் அசையாததைப் பார்த்து, "டாடி, வண்டி நின்னு நேரமாச்சு. கால எடுங்க" என்றாள்.

"இரும்மா. பேடு புதுசு, அளக்காம மாட்டினது. ஒரு நிமிஷம் புடிச்சுப் பாக்கணும்."

அவள் அவருடைய பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நிமிஷமாவே பாருங்க டாடி" என்று காலை உள்ளே எடுத்து, கதவை மறுபடி சாத்திக்கொண்டாள்.