வெள்ளைக் காக்கா இல்லாத படகுத்துறை

குஞ்சு பொரிக்கும் மாதங்களில் அந்தத் தெருவில் யாரும் விடியும்வரை தூங்கியதில்லை. கடற்காகங்களுக்கு, தெருக்காரர்கள் பாஷையில் வெள்ளைக் காக்காக்களுக்கு, ஒவ்வொரு கூரையும் ஒரு பிரசவ வார்டு. இருட்டு பிரியுமுன்பே கூச்சல் ஆரம்பித்துவிடும். பாதி சிரிப்பு மாதிரி, பாதி சண்டை மாதிரி. குப்பைத்தொட்டி மூடிமேல் ஒரு கல், கொடியில் காயும் நல்ல துணிமேல் ஒரு கந்தல், பன்னைக் கையில் வைத்து நடப்பவர் தலைக்குமேல் ஒரு குடை: இப்படித்தான் அவற்றோடு குடித்தனம் நடந்தது.

ஊரே கண் வீங்கி நடமாட, தையல்காரியின் கணவர் மட்டும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார்.

"உங்க வீட்டுக்காரர் எந்தக் கடையில தூக்கம் வாங்குறாரு? எனக்கும் அரைக்கிலோ சொல்லுங்க," என்பார் கீழ்வீட்டு ரொட்டிக்கடைக்காரர்.

"உங்க ரொட்டியத் தின்னுட்டுத்தாண்ணே அப்படி மயங்கிக் கிடக்காரு," என்று அவளும் விடமாட்டாள்.

சிரித்துக்கொண்டே மாடியேறினாலும் உள்ளுக்குள் ஒன்று அரித்தது. மனுஷர் பேச்சைக் குறைத்துவிட்டார். முன்பெல்லாம் தொட்டதற்கெல்லாம் வம்புக்கு வருவார். இப்போது எதைச் சொன்னாலும் ஒரு 'ம்'. ஒருநாள் தையல் மிஷினை நிறுத்தி, முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியமில்லாமல், சுவரைப் பார்த்துக் கேட்டாள்: "என்மேல அலுத்துப்போச்சா உங்களுக்கு?"

"ம்," என்றார் அவர். பிறகு டம்ளரை நீட்டி இன்னும் கொஞ்சம் டீ கேட்டார்.

அந்த 'ம்'மை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்று தைத்த ஜன்னல் திரையை மட்டும் பிரித்துப் பிரித்துத் தைத்தாள்.

அவருக்குப் படகுத்துறையில் வேலை. அக்கரையிலிருந்து வரும் பெரிய படகு, அலைதடுப்புச் சுவருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும்போதே சங்கு ஊதும். உடனே அவர் பயணிகளின் கதவைத் திறந்து, கரையோரம் நின்று, படகிலிருந்து வீசும் கயிற்றைப் பிடித்து இரும்புக் குத்தியில் கட்டவேண்டும். தையல் ஜன்னலிலிருந்து அவளுக்கு எல்லாமே தெரியும். தண்ணீருக்கு முதுகைக் காட்டி, துறைக் கொட்டகையின் கூரையையே பார்த்து உட்கார்ந்திருப்பார். வீட்டுப் பக்கம் ஒரு பார்வைகூட வராது. அதுவும் அவள் கணக்கில் சேர்ந்தது.

அந்த வாரம் துறை அலுவலகம் காக்காக்களை விரட்ட ஒரு வல்லூறுக்காரரை வரவழைத்தது. பயணிகளின் தலையிலும் தோளிலும் எச்சம் விழுவதாக ஏகப்பட்ட புகார். அவர் தோல் உறை மாட்டிய கையில் வல்லூறை ஏந்திக்கொண்டு, துறைமேல் ராஜா மாதிரி நடந்தார். காலையில் இரண்டு சுற்று பறக்கவிட்டதுமே கொட்டகைக் கூரை காலி. வெள்ளைக் காக்காக்கள் மொத்தமும் மீன்சந்தைப் பக்கம் குடிபெயர்ந்தன.

அவள் ஒரு சட்டைக் காலரை வெட்டிக்கொண்டிருந்தாள். சங்கு ஊதியது. நிமிர்ந்து பார்த்தாள். கணவர் எழுந்திருக்கவில்லை.

மறுபடி ஊதியது. படகு சுவரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது.

"என்னங்க! படகு!"

ஜன்னலிலிருந்து அவள் போட்ட கத்தலில் ரொட்டிக்கடைக்காரரே வெளியே ஓடிவந்தார். கணவர் மட்டும் வெறும் கூரையைப் பார்த்தபடி இருந்தார். வீசிய கயிறு ஆளில்லாத தரையில் விழுந்து, வழுக்கித் தண்ணீருக்குள் போனது. படகு திரும்பி, துறைச் சுவரில் கிறீச்சென்று உரசி நின்றது. யாரோ ஒருவரின் வெங்காயக்கூடை உருண்டது. அடி யாருக்கும் இல்லை.

செருப்பில்லாமல் ஓடிப்போய் அவள் தோளைத் தொட்டபோது அவர் துள்ளி எழுந்தார். படகைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"எப்ப வந்துச்சு?"

அவள் அவர் பின்னால் போய் நின்று கைதட்டினாள். அவர் திரும்பவில்லை. முன்னால் வந்தாள்.

"எவ்வளவு நாளா?"

அவர் அவள் உதட்டைப் பார்த்தார். "கொஞ்சம் கொஞ்சமா. இப்ப சுத்தமா காது கேக்கல."

"அப்ப சங்கு?"

"சங்கு ஊதுனா கூரையில இருக்கற காக்கா அத்தனையும் ஒண்ணா எழும்பும். அதப் பாத்து எழுந்துடுவேன்." வல்லூறுக்காரரின் பக்கம் தலையாட்டினார். "இன்னைக்கு எழும்ப ஒண்ணுமில்ல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ கத்திக் கத்திப் பேசுவ. மூச்சு வாங்கும், பேச்சைக் கொறச்சுக்குவ. நீ பேசிக்கிட்டே இருக்கறதப் பாக்க எனக்குப் புடிக்கும்."

"அந்த 'ம்' எல்லாம்?"

"உன் தலை என் பக்கம் திரும்பினா 'ம்' சொல்லணும். மிஷின் நின்னாலும் சொல்லணும். பெரும்பாலும் சரியா இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. அவர் இடுப்பில் ஒரு குத்து விட்டாள். "பாவி மனுஷா. என்மேல அலுத்துப்போச்சான்னு கேட்டேன். அதுக்கும் 'ம்' சொன்னீங்க."

"எப்பக் கேட்ட?" உண்மையிலேயே பதறிப்போனார். "ஐயோ, அதுக்கு யாராவது 'ம்' சொல்லுவாங்களா?"

துறை மேற்பார்வையாளர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அவள் வாயைத் திறக்க, கணவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "நானே சொல்லிக்கிறேன்." சொன்னார். ஒன்றையும் குறைக்காமல், காக்காக்களையும் விடாமல்.

மேற்பார்வையாளரின் மீசை உதட்டை மூடியிருந்தது. அவர் சொல்வதைப் பக்கத்தில் நின்று அவள் ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமே இல்லாமல் வாயசைத்துக் காட்டினாள்: கயிற்று வேலை இனிமேல் இல்லை. நாளைக்கே காது டாக்டரிடம் போகவேண்டும். அதுவரை டிக்கெட் கிழிக்கலாம். அதற்குப் பிறகு என்ன என்பது தனக்கும் தெரியாது. கடைசியில், "முன்னாடியே சொல்லியிருக்கலாமேய்யா," என்றார் அவர். அதையும் அவள் விடாமல் சொன்னாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் அவருக்கு முன்னால் போய்த் திரும்பிக்கொண்டாள். முகம் அவர் பக்கம், முதுகு தெருவின் பக்கம். பின்பக்கமாகவே நடந்தபடி, அவர் காதில் விழாமல் போனதையெல்லாம், தங்கச்சி கல்யாணத்தில் யார் யாரிடம் கோபித்துக்கொண்டார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்தாள். மேடு வந்தபோதெல்லாம் அவர் கையை நீட்டி அவள் தோளைப் பிடித்து விலக்கிவிட்டார்.

"அதான் அப்புறம் படுக்கையறைக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்கலாமான்னு உங்ககிட்ட கேட்டேன், அதுக்கும் 'ம்'னு..."

"இரு இரு," என்று அவர் நடுத்தெருவில் நின்றார். "அந்தப் பச்சைய நான் எப்பவும் ஒத்துக்கமாட்டேன். யாராவது பச்சையில தூங்குவாங்களா?"

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சண்டைக்குத் தயாரானாள்.