லோஷினியிடம் கேட்காத கேள்வி

“ஹாபி என்னன்னு கேட்டா பியானோன்னு சொல்லணும். மறந்துடாத,” என்று காரை ஓட்டிக்கொண்டே மறுபடியும் சொன்னான் ஸ்ரீதரன்.

“எனக்குத்தான் பியானோ வாசிக்கத் தெரியாதேப்பா,” என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த லோஷினி.

“வாசிக்கவா சொல்லப்போறாங்க? சும்மா கேப்பாங்க லா.”

பிரேமளா பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். மலேசியாவின் செனாய் ஊரில் வீட்டைப் பூட்டிக் கிளம்பியதிலிருந்து இதே பேச்சு. பதினொரு வயதுப் பெண்ணைப் பள்ளிக்கூடம் பார்க்கக் கூட்டிப் போகிறோமா, நாடகத்தில் நடிக்கக் கூட்டிப் போகிறோமா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஸ்ரீதரனின் அண்ணன் சிவசம்பு தன் பிள்ளைகள் இருவரையும் பிரிட்டிஷ் பாடத்திட்ட சர்வதேசப் பள்ளியில் சேர்த்த நாளிலிருந்துதான் இந்தத் தலைவலி. குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும், சாப்பாட்டுத் தட்டைக் கையில் எடுக்கும் முன்பே அந்தப் பள்ளியின் பெருமை ஆரம்பித்துவிடும். தொழிற்சாலையில் நூறு பேரை மேய்க்கும் ஸ்ரீதரன், அண்ணனின் முன்னால் மட்டும் வாயடைத்துப் போய் நிற்பான். தானும் மகளை அப்படியொரு பள்ளியில் சேர்த்தால்தான் தலை நிமிரும் என்று அவனுக்குள் ஊறிவிட்டது.

பிரேமளா தன்னை அந்த ரகமாக நினைக்கவில்லை. மகள் இப்போது படிக்கும் தனியார் பள்ளி சரியில்லை என்று அவளுக்கும் பட்டிருந்தது. மார்க் குறைந்திருந்தது. காலையில் கிளம்பும்போது அடிக்கடி வயிற்றுவலி என்பாள். பாடம் நடத்துவது போதவில்லை என்று முடிவு கட்டிய பிரேமளா, ஜொகூரில் உள்ள பள்ளிகளைப் பற்றி இணையத்தில் தேடித் தேடிப் படித்தாள். தேர்வு முடிவு எப்படி, ஆசிரியர்கள் நிலைத்து இருக்கிறார்களா, பழைய மாணவர்களின் பெற்றோர் என்ன சொல்கிறார்கள் என்று எதையும் விடவில்லை. இரண்டு பள்ளிகளைப் பார்த்து ஒதுக்கியாகிவிட்டது. இது மூன்றாவது.

வாசலில் வரவேற்ற அதிகாரி அமெண்டா ஆங்கிலத்தில் தேனாகப் பேசினாள். நீச்சல் குளத்தையும் அரங்கத்தையும் ஆய்வுக்கூடத்தையும் சுற்றிக் காட்டினாள். ஸ்ரீதரன் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் சுடச்சுடப் போட்டுக்கொண்டே வந்தான். “வெள்ளைக்கார டீச்சருங்க எத்தனை பேரு?” என்று அவன் கேட்டபோது பிரேமளாவுக்கு அங்கேயே காணாமல் போய்விடலாம் போலிருந்தது.

“போன வருஷம் இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த வருஷமும் இருக்கிறார்கள்?” என்று பிரேமளா கேட்டாள்.

“எங்கள் ஆசிரியர்கள் மிகுந்த அர்ப்பணிப்பு உள்ளவர்கள்,” என்று சிரித்தாள் அமெண்டா.

“பிள்ளைகளுக்குள் கேலி, கிண்டல், அடிதடி என்றால் என்ன செய்வீர்கள்?”

“இங்கே அதெல்லாம் கிடையாது. நாங்கள் ஒரே குடும்பம்.”

எந்தக் கேள்வி கேட்டாலும் இப்படி வழுக்கிக்கொண்டே போனால் எதைத்தான் தெரிந்துகொள்வது? பிரேமளாவுக்குக் கடுப்பேறியது. போதாததற்கு ஸ்ரீதரன் அவள் காதருகில் வந்து, “ஏன் போலீஸ் மாதிரி விசாரிக்கிற? சீட்டு இல்லன்னு சொல்லிடப் போறாங்க,” என்றான்.

“காசு கட்டுறவங்க நாம. கேக்காம?”

தொடக்கப் பிரிவின் தலைமை ஆசிரியை தன் அறையில் லோஷினியைப் பார்த்துப் புன்னகையோடு, “உனக்கு என்ன பிடிக்கும்?” என்று கேட்டார். “பியானோ,” என்றான் ஸ்ரீதரன். “இப்போதைய பள்ளியில் யார் உன் தோழி?” “அவளுக்கு நிறையத் தோழிகள்,” என்றாள் பிரேமளா. “இங்கே ஏன் சேர விரும்புகிறாய்?” பிரிட்டிஷ் பாடத்திட்டம் என்றால் அவளுக்கு உயிர் என்று ஸ்ரீதரன் விளக்க ஆரம்பித்தான். லோஷினி தன் காலணி நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைமை ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தார். பிறகு சாந்தினி என்ற பத்தாம் ஆண்டு மாணவியைக் கூப்பிட்டு, லோஷினிக்குச் சிற்றுண்டிச்சாலையைக் காட்டச் சொன்னார். “பெற்றோர் இங்கேயே இருக்கலாம்,” என்றார் அழுத்தமாக.

கொஞ்ச நேரத்தில் பிரேமளா கழிப்பறைக்குப் போகும் சாக்கில் மகளைத் தேடிப் போனாள். சிற்றுண்டிச்சாலைத் தூணுக்கு அந்தப் பக்கம் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். லோஷினியின் குரல் கேட்டது.

“அக்கா, இங்க ரெஹாட் நேரத்துல தனியா உக்காந்து சாப்பிட்டா யாராச்சும் வந்து ஏதாவது சொல்வாங்களா?”

“அது கூட இருக்கறவங்களப் பொறுத்தது,” என்றாள் சாந்தினி. “நான் வந்த புதுசுல லைப்ரரியிலதான் போயி உக்காந்துக்குவேன். அப்புறம் ஒரு டீச்சர்கிட்ட சொன்னேன். சரியாச்சு. நீ எங்க சாப்பிடுவ?”

“டாய்லெட்ல. கதவ மூடிக்குவேன். வெளிய உக்காந்தா ‘ஹித்தாம்’னு கூப்பிட்டு என் சாப்பாட்டுல தண்ணி ஊத்துவாங்க.”

ஹித்தாம். மலாய் மொழியில் கருப்பு. பிரேமளா தூணுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டாள். தினமும் மீஹூனோ சோறோ கட்டிக் கொடுத்த டப்பா காலியாக வரும்போதெல்லாம், பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று எத்தனை சந்தோஷப்பட்டிருக்கிறாள்!

“அம்மாகிட்ட சொல்லலியா?”

“வயிறு வலிக்குதுன்னு சொல்வேன். மருந்து கொடுப்பாங்க. அதுக்கு மேல கேக்க மாட்டாங்க.”

அன்று அவர்கள் எதிலும் கையெழுத்திடவில்லை. கார் நிறுத்தும் இடத்தில் பிரேமளா விஷயத்தைச் சொன்னதும் ஸ்ரீதரனுக்கு முகம் சிவந்துவிட்டது.

“அலமாக்! யாரு அந்தப் பிள்ளைங்க? சரி, அதான் வேற ஸ்கூலுக்கு மாத்தப் போறோமே!”

“இது தெரிஞ்சா மாத்த வந்தோம்?” என்று பிரேமளா வெடித்தாள். “நீங்க உங்க அண்ணனுக்குக் காட்ட வந்தீங்க. நான் பெரிய கெட்டிக்காரின்னு காட்ட வந்தேன். பிள்ளைங்களுக்குள்ள கிண்டல் உண்டான்னு முன்னபின்ன தெரியாத பொம்பளகிட்ட கேட்டேன். பெத்த பிள்ளைகிட்ட கேக்கல!”

ஸ்ரீதரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் லோஷினி மெதுவாக, “அப்பா, உள்ள எனக்கு வந்த கேள்விக்கெல்லாம் நீங்க ரெண்டு பேருமே பதில் சொல்லிட்டீங்க,” என்றாள். குறையாகக்கூடச் சொல்லவில்லை. பழகிப்போன விஷயம் போலச் சொன்னாள். அதுதான் அவனை அடித்தது.

திங்கட்கிழமை இருவரும் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு மகள் இப்போது படிக்கும் பள்ளிக்குப் போனார்கள். முதல்வர் முதலில், “பிள்ளைகள் விளையாட்டு,” என்று மழுப்பினார். ஸ்ரீதரன் குரலை உயர்த்தவில்லை, எழுந்தும் போகவில்லை. லோஷினி தன் வாயாலேயே நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. சம்பந்தப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் அழைக்கப்பட்டார்கள். ஓர் ஆசிரியை ரெஹாட் நேரத்தில் கூடவே இருக்கத் தொடங்கினார். எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆனால் லோஷினி வெளியே உட்கார்ந்து சாப்பிட்டாள். காலை வயிற்றுவலியும் மெல்ல மெல்லக் குறைந்தது.

அடுத்த மாதம் குடும்ப விருந்தில் சிவசம்பு விடவில்லை. “என்னடா, வீடியோவெல்லாம் போட்ட. சேத்தாச்சா இல்லையா?”

“இன்னும் முடிவு பண்ணல அண்ணா. அவகிட்ட பேசிட்டிருக்கோம்.”

“சின்னப் பிள்ளைகிட்ட என்னத்தடா கேக்கறது? நல்ல பேரு உள்ள ஸ்கூலாப் பாத்துப் போட வேண்டியதுதானே!”

பிரேமளா நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். வழக்கமாக அண்ணனின் முன்னால் குனியும் தலை அன்று குனியவில்லை.

“அப்படித்தான் நானும் நெனச்சேன் அண்ணா. எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல்னு ஊரெல்லாம் போயி கேட்டேன். என் பிள்ள தெனமும் டாய்லெட்ல சாப்பிட்டிருக்கா, அது எனக்குத் தெரியல. ஸ்கூலுக்கு மார்க் போடறதுக்கு முன்னாடி, பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு பிள்ளைகிட்டயே கேக்கணும். அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் நாம வாய மூடிட்டுக் கேக்கணும். அது தெரியாத அப்பன் ஆத்தாவுக்கு எந்த ஸ்கூல் கெடச்சும் பிரயோஜனம் இல்ல.”