பயணம் போனவர் வீட்டார் குழு

எழுவைதீவில் எங்கள் குழு தொடங்கியது கூட்டம் போட்டு அல்ல, மீன் பிரித்து.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. வலை இழுத்து வந்து கரையில் பங்கு பிரிக்கும்போது, காய்ச்சலில் படுத்துக் கிடக்கிறவனுக்கும் ஒரு பங்கு வைப்பார்கள். சித்திரை மாதம் ஒரு காலை, என் மாமனார் குருசுமுத்து எல்லாப் பங்கையும் வைத்து முடித்த பிறகு இன்னொரு குவியல் வைத்தார்.

"உது ஆருக்கு அண்ணை?" என்று ஒருவர் கேட்டார்.

"அன்ரனிதாசுக்கு."

"அவன் பிரான்சிலயெல்லோ?"

"இல்லை. றஷ்யாப் பட்டாளத்தில. சண்டையில நிக்கிறான்."

அன்ரனிதாஸ் என் கணவர். அதுவரை அந்தச் செய்தியை இரண்டு மாதம் வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தோம். மாமா அதைக் கரையில், ஈர மணலில், அத்தனை பேருக்கும் முன்னால் போட்டுவிட்டார். அன்று பின்னேரம் எட்டுப் பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். யார் என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போவது, நான் யாழ்ப்பாணம் போகும் நாள்களில் யார் சமைப்பது, மாமிக்கு மருந்து யார் எடுத்து வருவது என்று அவர்களே பேசி முடித்தார்கள். நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அதுதான் எழுவைதீவுக் குழு.

ஏன் மறைத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் தீவுகளில், வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டவர் போய்ச் சேரும்வரை அவரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கதைத்தால் பயணம் பிழைத்துவிடும் என்ற பயம். சேர்ந்துவிட்டார் என்று தகவல் வந்ததும், சைவ வீடுகளில் பிள்ளையாருக்குப் பொங்குவார்கள். கத்தோலிக்கரான நாங்கள் கோயிலில் நன்றிப் பூசை ஒப்புக்கொடுப்போம். அதற்குப் பிறகுதான் ஊருக்குச் செய்தி. மாசி, அதாவது பெப்ரவரி, பத்தாம் திகதி அவரை அனுப்பிய ஏஜென்சிக்காரன் தொலைபேசியில் எடுத்து, "ஆள் பிரான்ஸ் சேர்ந்திட்டார்" என்றான். அடுத்த ஞாயிறு பூசையில் பங்குத்தந்தை அன்ரனிதாசின் பெயரை வாசித்தார். அதே ஞாயிறு பின்னேரம் அவரே எடுத்தார். மொஸ்கோவில் இறக்கி, தெரியாத மொழியில் ஏதோ தாளில் கையெழுத்து வாங்கி, பட்டாள உடுப்பைக் கொடுத்துவிட்டார்களாம்.

கடைசியாக அவர் எடுத்தது பங்குனி 27. ஒரு படமும் வந்தது. உடுப்போடு இரண்டு பேர். "பக்கத்தில நிக்கிறது நெடுந்தீவு வல்லிபுரத்தாற்ற மகன் நிசாந்தன். ரண்டு பேரும் ஒரே பிரிவு," என்றார். பிரிவு எண்ணைக் கேட்பதற்குள் தொடர்பு அறுந்தது. பிறகு எடுக்கவில்லை.

சரவணையில் இரண்டாவது குழுவைத் தொடக்கியவர் ஞானசவுந்தரி அக்கா. கூட்டுறவுச் சங்கக்கடையில் முகாமையாளர். அவருடைய தம்பி சசிகரனும் அதே வழியில் போய் அதே பட்டாளத்தில், வேறு பிரிவில் நிற்கிறான். நாங்கள் இரண்டு பேரும் கொழும்பில் வெளிநாட்டு அமைச்சுக்கு எழுதிய கடிதங்களுக்கு வைகாசியில் ஒரு பதில் வந்தது. அதிகாரிகள் 26ஆம் திகதி திங்கட்கிழமை யாழ்ப்பாணம் வருகிறார்கள், ஊர்க் குழுக்கள் சேர்ந்து ஒரே கோப்பாகக் கொடுக்க வேண்டும், ஆளுக்கொரு படிவம். படைப்பிரிவு எண் இல்லாத படிவத்தை வைத்து ஆளைத் தேட முடியாது என்று தொலைபேசியிலும் சொன்னார்கள்.

சசிகரனின் எண் அக்காவிடம் இருந்தது. என் கணவரின் படிவத்தில் அந்தக் கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அதை நிரப்பக்கூடிய வீடு நெடுந்தீவில் இருந்தது.

22ஆம் திகதி வியாழக்கிழமை போனோம். சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டதால் குறிகட்டுவான் துறையில் இருந்தே படகு தூக்கிப் போட்டது. அக்கா குமட்டாமல் இருக்க வழி முழுக்க ஒரு தேசிக்காயை முகர்ந்துகொண்டு வந்தார். இறங்கி நடக்கையில் கல்லில் இடறி என் செருப்பின் வார் அறுந்தது.

வல்லிபுரம் ஐயா வளவின் கல்வேலியில் விழுந்த பகுதியை அடுக்கிக்கொண்டு நின்றார். அறுபது வயதிருக்கும். கையில் ஒரு முருகைக்கல்.

"ஆரைத் தேடுறியள்?"

"உங்களைத்தான் வல்லிபுரமண்ணை," என்றார் அக்கா. "நான் சரவணை. இவ எழுவைதீவு."

"எழுவைதீவோ? ரண்டு கடல் தாண்டி வந்திருக்கிறியள். என்ன, வாக்குக் கேக்கவோ?"

"வாக்குக் கேக்க வாறவை வாகனத்திலயெல்லோ வருவினம். இவவின்ர காலைப் பாருங்கோ."

அவர் என் வெறுங்காலைப் பார்த்தார். கொஞ்சம் சிரித்தார். உள்ளே திரும்பி, "அன்னபூரணம், தேத்தண்ணி போடும்," என்றார். நல்ல மனிதர் என்று எனக்குப் பட்டது. அதனால் சுற்றி வளைக்காமல் சொன்னேன். என் கணவரின் பெயர், மொஸ்கோ, பட்டாளம், படிவம், திங்கட்கிழமை. நிசாந்தனின் பிரிவு எண் தெரிந்தால் போதும் என்றேன்.

அவர் கல்லை வேலியில் வைத்தார். அது உருண்டது. மறுபடி எடுத்து வைத்தார்.

"எங்கட பெடியன் பிரான்சில நிக்கிறான், பிள்ளை."

"ஐயா..."

"மாசியில பிள்ளையாருக்குப் பொங்கினனாங்கள். ஊரே வந்து சாப்பிட்டது. ஆரையும் கேட்டுப் பாரும்."

நான் தொலைபேசியில் படத்தைக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பார்த்தார். "உடுப்புப் போட்டா எல்லாரும் ஒரே மாதிரித்தான்," என்றார். தேத்தண்ணித் தட்டோடு வந்த அன்னபூரணம் அம்மா அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். தட்டைக் கதிரையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனவர் பிறகு வெளியே வரவில்லை.

"நாங்களும் நன்றிப் பூசை குடுத்தனாங்கள் ஐயா. கோயிலில பேர் வாசிச்சது. எங்களையும் அதே ஏஜென்சிக்காரன்தான் ஏமாத்தினவன்."

"அது உங்கட கோயில். நான் பிள்ளையாருக்கு முன்னால, என்ர கையால பானை வைச்சவன். அது பொங்கி வழியேக்க ஊர்ச் சனம் முழுக்கப் பாத்தது. இப்ப போய், பிள்ளை சேரேல்லை, பொங்கினது பிழை எண்டு சொல்லச் சொல்றீரோ?" குரல் ஏறியது. "ஏலாது. நீங்கள் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ."

குடித்தோம். நான் ஒரு வெற்றுப் படிவத்தைத் தட்டுக்குக் கீழே வைத்தேன். "நாளைக்குக் காலமை முதல் படகுக்கு முன்னம் மாவிலித்துறையில நெடுந்தீவுக் குழுவைத் தொடக்கப் போறம், ஐயா. ஆறு மணிக்கு. ஆரும் வராட்டிலும் தொடக்குவம்," என்றேன். அவர் திரும்பாமல் கல் அடுக்கினார்.

ஒழுங்கைக்கு வந்ததும் அக்கா பொரிந்தார். "நீர் என்ன கதை கதைக்கிறீர்? படத்தைக் கொண்டுபோய்க் கடையில காட்டுவம். பத்து நிமிசத்தில தீவு முழுக்கத் தெரியும். பிறகு மனுசன் என்னத்தை மறைக்கிறது?"

எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. திங்களுக்கு இன்னும் நான்கு நாள். கடை கூப்பிடு தூரத்தில் இருந்தது. வாசலில் ஆள்களும் நின்றார்கள்.

"வேண்டாம் அக்கா. அவர் வாயால சொன்னாத்தான் எண் வரும். நாங்கள் சந்தி சிரிக்க வைச்சா கதவுதான் சாத்தும்."

"நீர் கன்னியாஸ்திரியாப் போயிருக்க வேண்டிய ஆள்."

"போயிருந்தா மனுசனைத் தேடுற வேலை மிச்சம்."

அக்கா சிரித்துவிட்டார். பிறகு தன்னுடைய கைப்பையில் இருந்து ஊசி எடுத்து என் செருப்பு வாரைக் குத்தித் தந்தார்.

காற்றால் பின்னேரப் படகு ஓடவில்லை. அக்காவுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தங்கி, வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு முன்னமே துறைக்குப் போனோம். ஏறக்குறைய நாற்பது பேர் நின்றார்கள். நோயாளிகள், பள்ளிக்கூட ஆசிரியர்கள், மீன்பெட்டிக்காரர். ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டி நிறையச் சாக்குகள். வல்லிபுரம் ஐயா இல்லை.

ஆறு மணிக்கு நான் படியில் ஏறி நின்றேன். நான் கூட்டத்தில் பேசிப் பழகியவள் அல்ல. முதல் நாள் எழுதி வைத்ததைப் பார்த்து வாசித்தேன்.

"என்ர பேர் அஞ்சலா. எழுவைதீவு. என்ர மனுசன் அன்ரனிதாஸ் பிரான்ஸ் போகேல்லை. றஷ்யாப் பட்டாளத்தில பிடிபட்டு நிக்கிறார். நாங்கள் சேர்ந்திட்டார் எண்டு நன்றிப் பூசை குடுத்திட்டு, வெக்கத்தில ரண்டு மாதம் மூடி வைச்சிருந்தனாங்கள். அந்த ரண்டு மாதமும் அவரைத் தேட ஆரும் இல்லை. இப்பிடி வேற வீடுகளும் இருந்தா, குழுவாச் சேருவம். திங்கட்கிழமை யாழ்ப்பாணத்தில கோப்புக் குடுக்கிறம். படிவம் என்னட்ட இருக்கு."

ஒரு பெண் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தைத் துடைத்தார். படகோட்டி கயிற்றைக் கையில் பிடித்தபடி, "ஏறுங்கோ, காத்து எழும்ப முன்னம் போவம்," என்றார். சனம் மெல்ல அசைந்தது. நான் தாளை மடித்தேன்.

அப்போது வல்லிபுரம் ஐயா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பின்னால் அன்னபூரணம் அம்மா, கிட்டத்தட்ட ஓட்டமாக. அவர் நேரே என்னிடம் வந்து தொலைபேசியை நீட்டினார்.

"இதைக் கேளும், பிள்ளை. எனக்கு வேற வழி தெரியேல்லை."

குரல்பதிவு. இரைச்சலுக்குள் ஓர் இளைஞனின் குரல்.

"அம்மா, எனக்குக் காலில காயம். பயப்பிடாதேங்கோ, ஆசுப்பத்திரியில நிக்கிறன். அன்ரனி அண்ணையை வேற பிரிவுக்கு மாத்திட்டாங்கள். நம்பரைச் சொல்றன், எழுதுங்கோ. எழுவைதீவில அவரின்ர வீட்டுக்குச் சொல்லச் சொல்லி அழுதவர். மறக்காமச் சொல்லுங்கோ, அம்மா."

பிறகு ஐந்து இலக்கங்கள். திகதி சித்திரை 27.

இருபத்தாறு நாள். இருபத்தாறு நாளாக அந்த எண் இந்த வீட்டில் கிடந்திருக்கிறது. நான் ஒவ்வொரு விடியலிலும் தொலைபேசியைத் தட்டிப் பார்த்த நாள்கள் அவை. என் முகத்தைப் பார்த்த அன்னபூரணம் அம்மா, "என்னை ஏசு, மோனை," என்றார். "வாய்க்கு வந்தபடி ஏசு."

ஏச நிறைய இருந்தது. ஆனால் படகோட்டி இயந்திரத்தை இயக்கிவிட்டார்.

"ஏசுறதுக்கு நேரம் இல்லையம்மா. நம்பரை இன்னொருக்காப் போடுங்கோ."

போட்டார். எழுதினேன். மூன்றாம் முறையும் போடச் சொல்லிச் சரிபார்த்தேன். நான் கேட்டு வந்த பழைய பிரிவின் எண் மட்டும் எனக்குக் கிடைத்திருந்தால், இல்லாத இடத்தில் அவரைத் தேடியிருப்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

வல்லிபுரம் ஐயா சைக்கிளை விடாமல் சனத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எங்கட நிசாந்தனும் பிரான்ஸ் போகேல்லை," என்றார். "நான் பொய்க்குப் பொங்கேல்லை. எனக்குச் சொன்னவன் பொய் சொன்னவன். பிள்ளையாருக்கு அது தெரியும். உங்களுக்கும் இப்ப தெரியும். சிரிக்கிறவை சிரியுங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. சாக்குகளுக்குப் பக்கத்தில், சற்று முன் முகத்தைத் துடைத்த பெண் என்னை நோக்கி வந்தார். யோகம்மா என்று பெயர் சொன்னார்.

"தங்கச்சி, எங்கட நிலக்ஷனும்... நாங்களும் பிரான்ஸ் எண்டுதான் சொன்னனாங்கள். ஒரு படிவம் தாறீரே?"

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். என்னிடம் இரண்டு படிவம்தான் மிச்சம். அக்கா என் கொப்பியைப் பிடுங்கி, நடுத்தாளைக் கிழித்து, தொலைபேசியின் ஓரத்தை அளவுகோலாக வைத்துக் கோடு போடத் தொடங்கினார்.

"தம்பி, படகு கொஞ்சம் பொறுக்குமோ?" என்று படகோட்டியைக் கேட்டார்.

"காத்தை நான் பாக்கிறன். நீங்கள் எழுதுங்கோ."

இருபது நிமிடம் நின்றது. ஏறி இருந்தவர்களில் ஒருவரும் நேரத்தைக் கேட்கவில்லை. நெடுந்தீவுக் குழுவுக்கு அன்னபூரணம் அம்மா தலைவி. கையெழுத்தை அவரே போட்டார், கணவரைப் போடவிடவில்லை. "நீங்கள் வேலியை அடுக்குங்கோ," என்றார்.

திங்கட்கிழமை ஆறு படிவங்களோடு கோப்புக் கொடுத்தோம். ஒவ்வொரு வீடும் தன் ஆளின் எண்ணைத் தேடித் தந்திருந்தது; ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை.

ஆனி ஒன்பதாம் திகதி எனக்கு அழைப்பு வந்தது. அந்தப் பிரிவின் பட்டியலில் அன்ரனிதாஸ் என்ற பெயர் இருக்கிறது, உயிரோடு இருக்கிறார், அந்த நாட்டு அரசாங்கத்துக்கு விடுவிக்கும்படி எழுதியாயிற்று என்றார் அதிகாரி. நான் கொப்பியை எடுத்துக்கொண்டு குசினி வாசலில் உட்கார்ந்தேன்.

"உடன வருவார் எண்டு நினைச்சுப் போடாதேங்கோ, அம்மா," என்றார் அவர். "மாதக் கணக்கில இழுபடும். நீங்கள் திரும்பத் திரும்ப எழுத வேண்டி வரும்."

"எழுதுவம்," என்றேன். "ஒவ்வொரு திங்கட்கிழமையும் எழுதுவம். ஆறு பேருக்கும். ஆருக்கு அனுப்பிறது, விலாசத்தைச் சொல்லுங்கோ."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.