உசரமா, நீளமா

சமையலறைத் தரையில் சாக்பீஸால் பெரிய கட்டம் ஒன்று வரைந்து, அதற்குள் காலி கேக் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள் ஓட்டுநரின் மனைவி. தண்ணீர் குடிக்க வந்த ஓட்டுநர் கட்டத்தின் நடுவில் கால் வைத்தார்.

"பாத்துங்க, வண்டிக்குள்ள செருப்போட ஏறாதீங்க."

அவர் குனிந்து பார்த்தார். அது அவள் ஆசைப்படும் ஸ்டேஷன் வேகனின், அந்தத் தாழ்ந்து நீண்ட காரின், பின்பக்கம். அளவு பிசகாமல் வரைந்திருந்தாள். பெட்டிகள் எல்லாம் உட்கார்ந்தது போக, ஒரு ஆள் படுத்துக்கொள்ள இடம் மிச்சமிருந்தது.

பழைய கார் போன மாதம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. வீட்டுக்கு இருக்கப்போவது ஒரே வண்டி, தினமும் ஓடவேண்டிய வண்டி. அவள் வீட்டிலேயே கேக் செய்து ஊரெல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பவள். அவளுக்கு வேகன்தான் வேண்டும். அவருக்கோ எஸ்யூவி. பேச்சு முற்றி முற்றி இரண்டுக்கும் வீட்டில் பெயரே விழுந்துவிட்டது. எஸ்யூவி உசரம், வேகன் நீளம்.

"உசரம் உசரம்னு உசிர விடுறீங்களே, என் கேக் ஏணி வெச்சா ஏறும்?"

"நீளத்துல போனா ரோட்டுல தவழ்ற மாதிரி இருக்கும். முன்னாடி போறவன் நம்பர் பிளேட்டைப் படிச்சுக்கிட்டே காலம் தள்ளணும்."

சொன்ன காரணம் அதுதான். சொல்லாத காரணம் வேறு. வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் அவர் நகரப் பேருந்து ஓட்டியவர். அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தால் சுவர் அகலக் கண்ணாடியில் ஊரே எதிர்கொண்டு வரும். மூன்று மாதத்துக்கு முன் ஓய்வு கொடுத்து, மாலை போட்டு, கைதட்டி, இறக்கி விட்டார்கள். இறங்கியதிலிருந்து ஊரில் எல்லாரும் தன்னைவிட ஒரு சாண் வளர்ந்துவிட்டது போல அவருக்குத் தோன்றியது. ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகும் பேருந்துகளையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு குறைந்துபோனது. கேட்ட கேள்விக்கு உம், கேட்காததற்கு அதுவும் இல்லை. வண்டிச் சண்டை ஒன்றில்தான் அவர் வாய் திறந்தது. அதற்காகவே அவள் அந்தச் சண்டையை அணையவிடாமல் ஊதிக்கொண்டிருந்தாள் என்றாலும் தப்பில்லை.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாவை அடுப்புக்குள் வைத்துக் கதவை மூடியதும் ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பாள். இனி எழும்புவதும் எழும்பாததும் தன் கையில் இல்லை என்பது அவள் கணக்கு. இப்போதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் கூடவே இன்னொரு வேண்டுதலும் சேர்ந்துகொண்டது. 'ஆண்டவா, இவரையும் கொஞ்சம் எழுப்பி விடு.'

சனிக்கிழமை இருவரும் ஷோரூமுக்குப் போனார்கள். மதியம் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கொடுக்க வேண்டிய இரண்டடுக்குக் கேக்கையும் அவள் கையோடு கொண்டுவந்துவிட்டாள். ஷோரூம் பெண் திகைத்துப் பார்த்தாள்.

"சட்டை வாங்கினா போட்டுப் பாக்கறோம்ல? அதே மாதிரி, வண்டியை என் கேக் ஏறிப் பாக்கட்டும்மா."

முதலில் உசரம். கேக்குக்குக் காவலாக இரண்டு பெண்களும் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். ஓட்டுநர் கைப்பிடியைப் பிடித்து ஏறினார். முதுகு தானாக நிமிர்ந்தது. தெரு கீழே போனது, மற்ற வண்டிகளின் கூரைகள் தெரிந்தன. அவர் சிரித்தார். காவலுக்கு உட்கார்ந்திருந்த மனைவி கேக்கை மறந்து அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து எத்தனை நாளாயிற்று! அப்போதுதான் வேகத்தடை வந்தது. வண்டி ஒரு ஆட்டம் ஆடியது.

"அம்மா, மேல் அடுக்கு சாயுது!" என்றாள் ஷோரூம் பெண்.

மனைவி சட்டென்று கை நீட்டித் தாங்கினாள். கிரீமில் விழுந்த விரிசலை விரலால் வழித்து மூடினாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. வண்டி நல்லாத்தான் இருக்கு," என்றாள் உரக்க.

ஓட்டுநரின் பார்வை ஒரு கணம் கண்ணாடிக்குப் போய் வந்தது. சற்றுத் தூரம் போனதும் சாலையோரம் பேருந்து நிறுத்தம் வந்தது. பழக்கத்தில் அவர் கை தானாக ஸ்டியரிங்கைத் திருப்பியது. வண்டி நடைபாதையை ஒட்டி, ஒரு விரல்கூடப் பிசகாமல், நிறுத்தத்தின் நேர் எதிரே போய் நின்றது.

"சார், எதுக்கு நிறுத்தினோம்?"

ஓட்டுநருக்குக் காது வரை சிவந்தது. அதற்குள் நிறுத்தத்தில் நின்ற கம்பளித்தொப்பிப் பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். மருத்துவமனையில் கிடக்கும் மனைவிக்குச் சோறூட்ட, தோளில் தூக்குப் பையோடு தினமும் இவருடைய பேருந்தில் போனவர்.

"அட, நம்ம டிரைவர் தம்பி! என்ன, பஸ்ஸைத் துவைச்சதுல சுருங்கிப் போச்சா?"

"ஏறுங்கய்யா, நாங்களும் அந்தப் பக்கந்தான்."

பெரியவர் காலைத் தூக்கினார். எட்டவில்லை. பேருந்துக் கம்பியைத் தேடுவது போலக் கை காற்றில் துழாவியது. ஓட்டுநர் இறங்கி ஓடிவந்து தாங்கப் போனார். "வேணாம் தம்பி, என்னைத் தூக்கறேன்னு நீ இடுப்பைப் பிடிச்சுக்குவே," என்று பெரியவர் சிரித்தபடியே பின்வாங்கினார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது.

பின்னால் ஹாரன் அலறியது. பேருந்து! ஜன்னலில் தலையை நீட்டிய இளைய ஓட்டுநர் ஆளை அடையாளம் கண்டதும் கத்தினான். "அண்ணே! ரிட்டயர் ஆனா ஸ்டாப்பையும் ஒப்படைச்சிட்டுப் போகணும்ணே! வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது!"

பேருந்து முழுக்கச் சிரித்தது. அவர் அவசரமாக வண்டியை முன்னால் நகர்த்தி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பேருந்து ஒரு பெருமூச்சு விட்டுப் பக்கவாட்டில் சரிந்து தாழ்ந்தது. பெரியவர் வாசற்படி தாண்டுவது போல உள்ளே போனார். பேருந்தைத் தாழ்த்தும் அந்தப் பொத்தானை எத்தனையோ முறை அமுக்கியவர்தான் இவர். இருக்கையிலிருந்து பெருமூச்சு மட்டும்தான் கேட்கும். அவ்வளவு பெரிய வண்டி ஒரு கிழவரின் காலுக்காகக் குனிவதை இன்றுதான் வெளியிலிருந்து பார்த்தார்.

ஷோரூமுக்குத் திரும்பியதும், "நீளத்தையும் ஓட்டிப் பாத்துடலாம்," என்றார்.

"எதுக்குங்க? உசரமே இருக்கட்டும்."

"கேக்?"

"கேக்குக்கு என்ன? மடியில வெச்சுக்கறேன்."

"மேல் அடுக்கு சாஞ்சுதுல்ல?"

"யார் சொன்னா?"

"உன் விரல் சொல்லுச்சு. கண்ணாடியில பாத்தேன். இன்னும் கிரீம் ஒட்டிட்டிருக்கு, பாரு."

அவள் விரலைச் சேலைக்குள் மறைத்தாள். "எனக்கு உசரந்தான் வேணும்."

"எனக்கு நீளந்தான்."

ஷோரூம் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வீட்டுல பேசி முடிவு பண்ணிட்டு வரலையா?"

"ஒரு மாசமா பேசறோம்மா," என்றாள் மனைவி. "இன்னிக்குத்தான் ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேட்டிருக்கோம். அதுவும் ஒரே நேரத்துல கேட்டுத் தொலைச்சிட்டோம்."

மண்டபத்துக்கு எப்படியும் போயாக வேண்டும். மூவரும் நீளத்தில் கிளம்பினார்கள். ஓட்டுநர் உட்கார்ந்ததும், "தரையைக் கையால தொடலாம் போல," என்று ஒரு முனகல் முனகினார். ஆனால் வேகத்தடை வந்து போனது, கேக் தூங்கும் குழந்தை போல அசையாமல் கிடந்தது. மண்டபத்தில் அதை மேசைமேல் ஏற்றி, விரிசல் இருந்த இடத்தில் சர்க்கரைப் பூ ஒன்றைச் செருகி அவள் நிமிர்ந்தபோது கல்யாணப் பெண் ஓடிவந்து பார்த்து, அந்தப் பூதான் எல்லாவற்றிலும் அழகு என்றாள்.

திரும்பும் வழி மருத்துவமனைப் பக்கம். ஓட்டுநர் இந்த முறை ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி மெல்லச் சொன்னாள்:

"ஏங்க, ஸ்டாப் வருது."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வண்டியை ஒதுக்கினார்.

கம்பளித்தொப்பிப் பெரியவர் நின்றிருந்தார். இப்போது தூக்குப் பை காலி. கதவு திறந்ததும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தார். "வீட்டு நாற்காலி மாதிரி இருக்கே! இன்னிக்கு அவ ரெண்டு வாய் கூடவே சாப்பிட்டா தம்பி," என்றார். அவருக்குப் பின்னால் ஒரு நர்ஸ், வேலை முடிந்து செருப்பைக் கையில் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

"டிரைவர் சார்! நீங்களா? இப்ப வர்ற டிரைவருங்க நான் பாதி உக்காரும்போதே பஸ்ஸை எடுத்துடறாங்க சார். இடம் இருக்கா?"

ஷோரூம் பெண் காலிக் கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் ஒடுங்கினாள். "சார், இது டெமோ வண்டி சார்!"

"டெமோதாம்மா பண்றோம்."

கதவுகள் மூடிக்கொண்டன. அவர் கிளம்பவில்லை. கண்ணாடியை ஒரு விரலால் சரிசெய்தார். அதில் தொப்பி, நர்ஸின் களைத்த முகம், கேக் பெட்டிக்கு மேல் சிரிப்பை அடக்கும் ஒரு முகம். பேருந்தில் கடைசி ஆள் உட்காரும் வரை அவர் நகர்ந்ததே இல்லை. தாமதமென்று மேலதிகாரிகள் திட்டியும் அந்தப் பழக்கத்தை விட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாரும் உக்காந்தாச்சா?"

மூன்று மாதமாக வீட்டில் கேட்காத குரல். "உக்காந்தாச்சு!" என்று பின்னாலிருந்து மூன்று குரல்கள் ஒன்றாக வந்தன. மனைவி மட்டும், அடுப்புக் கதவை மூடியவள் போல ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள். விரல் நுனியில் கிரீம் இன்னும் காயாமல் இருந்தது.

அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கப் போனார். பக்கக் கண்ணாடியில், மருத்துவமனை வாசலிலிருந்து யாரோ ஒருவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கையை உயர்த்தியபடி ஓடிவந்துகொண்டிருந்தார்.

கால் பிரேக்கிலேயே இருந்தது.