ஏழாம் பக்கம்

மறுநாள் நூலகக் கூடத்தில் காமிக்ஸ் சந்தை. தம்பி வரைந்த புத்தகத்தின் அறுபது பிரதிகளையும் அக்காதான் சாப்பாட்டு மேசையில் மடித்து ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தாள். அதுவரை அவன் ஒரு பக்கத்தைக்கூட அவளுக்குக் காட்டியதில்லை.

ஏழாம் பக்கத்தில் அவளே இருந்தாள், அதே எடுப்புப் பல்லோடு. மேலதிகாரியிடம் "உங்களைப் பிடிச்சிருக்கு" என்று அவள் சொன்னதும், அவர் வாய்விட்டுச் சிரித்ததும் தம்பிக்கு மட்டுமே தெரியும். அன்று அவன் மடியில்தான் அழுதாள். படத்தில் அலுவலகமே சிரித்தது.

"என்னடா இது?"

"நீ இல்லக்கா, சும்மா ஒரு கேரக்டர். முன்னாடியே படிச்சுப் பார்த்த ஃப்ரெண்ட்ஸ் இதுக்குத்தான் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நாளைக்கு நீயும் வந்து பக்கத்துல உட்காரு, கூட்டம் பிச்சுக்கும்."

"அந்த ஆளு வந்துட்டா?"

"அவருக்குத்தான் முதல்ல அழைப்பு அனுப்புனேன்."

அவள் முகம் கோணியது. அவன் சட்டென்று பென்சிலை எடுத்தான்.

"அசையாதக்கா! ரெண்டாம் பாகத்துக்கு இந்த மூஞ்சிதான் வேணும்."

சின்ன வயதிலிருந்தே அவன் வரைவதற்காக உட்கார்ந்து பழகிய உடம்பு. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல், அவன் முடிக்கும்வரை அவள் அசையாமல் இருந்தாள்.